பிழை எந்த வாசலில் பிடிபடுகிறது? (வாசகர் கேள்வி பதில்)

இந்த மாதம் வந்த கடிதங்களில் மூன்று, பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கும் கோலாகங்சாருக்கும் இடையில் இருக்கும் சுங்கை சிப்புட்டிலிருந்து வந்தவை. மூவரும் சனிக்கிழமை மாலைகளில் ஒரே மண்டபத்தில் கூடி, வலைத்தளங்களின் பின்னணிப் பணியை டைப்ஸ்கிரிப்ட் மொழியில் கற்றுக்கொண்டிருப்பவர்கள். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது என்பது கடிதங்களைப் படிக்கும்போதே விளங்குகிறது. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்து, இந்தப் பக்கங்களை இவர்களுக்கே ஒதுக்குகிறேன்.

இத்துறைக்குப் புதியவர்களுக்காகச் சில வரிகள். நாம் கைப்பேசியில் ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பியதும், அதை வாங்கிச் சரிபார்த்து, தரவுத்தளத்தில் பதிந்து, பதில் அனுப்பும் கண்ணுக்குத் தெரியாத பகுதிதான் பேக்எண்ட். வலைத்தளங்களின் மொழியான ஜாவாஸ்கிரிப்டை 1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் உருவாக்கினார். ஒரு மதிப்பு எண்ணா, எழுத்தா, தேதியா என்ற வகையை, அதாவது அதன் டைப்பை, முன்கூட்டியே எழுதிவைக்கும் வசதியை அதன்மேல் சேர்த்து, மைக்ரோசாஃப்ட் 2012 அக்டோபரில் டைப்ஸ்கிரிப்டை வெளியிட்டது. எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்தை வைத்தால், நிரலை ஓட்டுவதற்கு முன்பே, அதைச் சரிபார்த்து ஜாவாஸ்கிரிப்டாக மாற்றித் தரும் கம்பைலர் சிவப்புக் கோடு போட்டுக் காட்டிவிடும். அந்த நிரலைச் சேவையகத்தில் ஓட்டுவது நோட்; படிவங்களை வாங்கிப் பதில் அனுப்ப அதன்மேல் பயன்படும் கட்டமைப்பு எக்ஸ்பிரஸ்.

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, நான் செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலை ஒன்றில் எடைமேடைக் கிராணியாக வேலை செய்கிறேன். வயது 24. எட்டு மாதங்களாக, இரவு ஒன்பது மணிக்கு மேல் உட்கார்ந்து டைப்ஸ்கிரிப்டும் நோடும் எக்ஸ்பிரஸும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும் கற்று, லாரிகளின் எடைச்சீட்டுகளைப் பதியும் ஒரு சிறு செயலியை எழுதிவருகிறேன். என்னோடு தொடங்கிய நண்பன் முன்பக்க வடிவமைப்பைக் கற்று, வண்ண வண்ணப் பக்கங்களை எல்லாருக்கும் காட்டுகிறான். "ராத்திரி ராத்திரியா அப்படி என்னதான்யா படிக்கிற?" என்று அம்மா கேட்டால், காட்டுவதற்கு என்னிடம் ஒரு கறுப்புத் திரையும் அதில் நான்கு வரி எழுத்தும்தான் இருக்கின்றன. திரை முழுவதும் சிவப்புக் கோடுகள் இல்லாத நாளே இல்லை. போன வாரம் என் சொந்த அடையாள அட்டை எண்ணைப் பதிந்து பார்த்தேன். பன்னிரண்டு இலக்கம் பதினொன்றாகி நின்றது. காரணம் புரியாமல் ஒரு முழு இரவு போய்விட்டது. எட்டு மாதத்துக்குப் பிறகும் இப்படியென்றால், நான் முன்னேறுகிறேனா என்பதை எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் என் மனம் போய் நின்ற இடம் அந்தப் பதினோரு இலக்கம்தான், அதிலிருந்தே தொடங்குகிறேன். நம் அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், பேராக்கில் பிறந்தவருக்கு அது 08. கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. உங்கள் வயதைப் பார்த்தால் உங்கள் எண் பூஜ்யத்தில் தொடங்குகிறது. அதற்கு எண் என்று டைப் கொடுத்திருப்பீர்கள். எண்ணுக்கு முன்னால் நிற்கும் பூஜ்யத்துக்கு மதிப்பு கிடையாது என்பதால் கணினி அதை உதறிவிட்டது. 1970-களிலும் 1980-களிலும் பிறந்தவர்களின் எண்களை மட்டும் பதிந்து பார்த்திருந்தால் இந்தப் பிழை உங்கள் கண்ணில் பட்டிருக்காது. 2000-க்கும் 2009-க்கும் இடையில் பிறந்து, இப்போது வேலைக்குச் சேரும் பிள்ளைகளின் பதிவுகள் மட்டும் ஒவ்வொன்றாகக் கெட்டுக்கொண்டே போயிருக்கும். கூட்டவோ பெருக்கவோ தேவைப்படாத ஒன்று பார்வைக்கு இலக்கமாகவே இருந்தாலும் அதை எழுத்துச்சரமாகத்தான், அதாவது எழுத்துகளின் வரிசையாகத்தான், வைக்க வேண்டும். தொலைபேசி எண்ணும் அப்படியே, அஞ்சல் குறியீடும் அப்படியே. அலோர்ஸ்டாரின் 05000-த்தை எண்ணாக வைத்தால் அது வெறும் 5000 ஆகிவிடும்.

அந்த இரவு வீணாகப் போயிற்று என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் ஏற்கவில்லை. வெளிநாட்டில் இருந்துகொண்டு காணொளிப் பாடம் நடத்துபவருக்கு நம் அடையாள அட்டை எண்ணைப் பற்றித் தெரியாது. இந்தப் பாடத்தை உங்களுக்கு வேறு யாரும் நடத்தியிருக்க முடியாது. அது மட்டுமன்று, "செயலி வேலை செய்யவில்லை" என்று எழுதாமல், "பன்னிரண்டு இலக்கம் பதினொன்றாகி நின்றது" என்று எழுதியிருக்கிறீர்கள். எது நுழைந்தது, எது வெளியே வந்தது, இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று பார்க்கும் கண் உங்களுக்கு வந்துவிட்டது. எட்டு மாதத்தில் வந்தது இது என்றால், அதைக் குறைவாக எண்ண வேண்டாம்.

இனி அளக்கும் வழிக்கு வருகிறேன். கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு பக்கத்தையும் ஐந்து பத்திகளாகப் பிரியுங்கள். ஒரு பிழை எந்த வாசலில் பிடிபட்டது என்பதுதான் அந்த ஐந்து பத்திகள்: தட்டச்சு செய்யும்போதே எடிட்டர் காட்டியது, கம்பைல் செய்யும்போது தெரிந்தது, நிரலைச் சரிபார்க்க நீங்கள் எழுதிய சோதனை நிரலில் சிக்கியது, செயலியை ஓட்டிப் பார்த்தபோது தெரிந்தது, கடைசியாக, வேறொருவர் வந்து சொல்லித் தெரிந்தது. ஒவ்வொரு பிழைக்கும் தேதியும் ஒரு வரி விளக்கமும் போதும். இரண்டு மாதம் கழித்துப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தால், குறிப்புகள் வலப்புறப் பத்திகளிலிருந்து இடப்புறம் நகர்ந்திருக்கின்றனவா என்பது பளிச்சென்று தெரியும். பிழைகளின் எண்ணிக்கை குறைய வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பெரிய வேலைகளை எடுக்க எடுக்க அது கூடத்தான் செய்யும். முடித்த பாடங்களின் எண்ணிக்கையையோ நண்பனின் பக்கங்களையோ வைத்து உங்களை அளந்துகொண்டிருந்தால் விடை கிடைக்காது. அவற்றுக்கும் உங்கள் பிழை பிடிபடும் இடத்துக்கும் தொடர்பில்லை.

இந்த ஐந்து பத்திகளை நான் எங்கே கற்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் முதல் வேலையில் கட்டண அறிக்கை ஒன்றை எழுதினேன். தொகைகள் போஸ்ட்கிரெஸில் நியூமரிக் என்ற தசம எண் வகையில் இருந்தன. நோடிலிருந்து போஸ்ட்கிரெஸைப் படிக்கப் பலரும் பயன்படுத்தும் பிஜி என்ற நூலகம் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்), துல்லியம் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக அந்த வகை மதிப்புகளை எழுத்துச்சரமாகவே கொடுக்கும். அது தெரியாமல், தொகை என்பது எண் என்று டைப்பில் எழுதிவைத்தேன். கம்பைலரும் என் சொல்லை நம்பி ஒரு கோடும் போடவில்லை. 10.50 ரிங்கிட்டையும் 20.00 ரிங்கிட்டையும் கூட்டினால் 30.50 வர வேண்டிய இடத்தில், இரண்டு எழுத்துச்சரங்களும் ஒட்டிக்கொண்டு 10.5020.00 என்று அறிக்கையில் அச்சாகியிருந்தது. பணம் கட்ட வேண்டிய ஒருவர் தொலைபேசியில் அழைத்துச் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஐந்தாம் பத்தி. அவர் கோபப்படவில்லை, பொறுமையாகவே கேட்டார். அந்தப் பொறுமைதான் எனக்கு அதிகம் வலித்தது. அன்றிலிருந்து பணத்தை எங்கும் சென்னில், முழு எண்ணாகத்தான் வைக்கிறேன். 2008 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் ஐந்து சென் முழுமையாக்கலையும் ஒவ்வொரு வரியிலும் செய்யாமல், பில்லின் மொத்தத் தொகைக்கு மட்டுமே செய்கிறேன்.

என் கதையில் டைப் இருந்தும் பிழை தப்பியது என்பதைக் கவனித்திருப்பீர்கள். டைப்ஸ்கிரிப்டைக் கற்பவர்கள் பலர் நடுவழியில் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். நாம் எழுதும் டைப்கள் நிரல் ஓடும்போது இருப்பதில்லை. கம்பைலர் சரிபார்த்து முடித்ததும் அவை அழிக்கப்பட்டு, வெறும் ஜாவாஸ்கிரிப்ட்தான் ஓடுகிறது. எனவே உங்கள் நிரலுக்குள்ளேயே ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போகும் மதிப்புகளுக்கு டைப் நல்ல காவல். வெளியிலிருந்து வரும் மதிப்புக்கு அது காவல் ஆகாது. உங்கள் ஆலையையே நினைத்துப் பாருங்கள். லாரிக்காரர் கொண்டுவரும் சீட்டில் "பழுத்த குலை" என்று எழுதியிருக்கலாம். ஆனால் இறக்கும் மேடையில் நிற்பவர் சீட்டைப் பார்த்துத் தரம் பிரிப்பதில்லை, குலையைப் புரட்டி, பழம் உதிர்ந்த குழிகள் இருக்கின்றனவா என்று பார்க்கிறார். டைப் என்பது அந்தச் சீட்டு. படிவத்திலிருந்து வரும் தரவு, தரவுத்தளத்திலிருந்து திரும்பும் தரவு, வேறொரு சேவையகம் அனுப்பும் ஜேசான் வடிவத் தரவு ஆகிய மூன்றையும் வாசலிலேயே புரட்டிப் பார்க்க வேண்டும். எக்ஸ்பிரஸில் படிவத்தின் உள்ளடக்கம் வந்து சேரும்போது அதன் டைப் எனி, அதாவது எதுவாகவும் இருக்கலாம் என்பது. கம்பைலர் அங்கே வாய் திறக்காது. 2018-இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து அன்நோன் என்ற டைப் இருக்கிறது. வெளியிலிருந்து வருவதை அந்த டைப்பில் வாங்கி, ஜோட் போன்ற ஒரு சரிபார்ப்பு நூலகத்தின் வழியாக அனுப்பி, தேறியதை மட்டும் உள்ளே விடுங்கள். தேறாததற்கு, அனுப்பியதில் தவறு என்பதைக் குறிக்கும் 400 என்ற எண்ணோடு, எந்தப் புலத்தில் என்ன தவறு என்று தெளிவாகப் பதில் அனுப்புங்கள்.

சிவப்புக் கோடுகள் குறைவது மட்டும் முன்னேற்றத்துக்கு அடையாளம் ஆகாது என்பதையும் இங்கேயே சொல்ல வேண்டும். எனி என்று எழுதினாலும் கோடு மறையும். ஆஸ் என்ற சொல்லைப் போட்டு "இது இந்த டைப்தான்" என்று அடித்துச் சொன்னாலும் மறையும். மாதம் ஒருமுறை உங்கள் நிரல் முழுவதிலும் இந்த இரண்டு சொற்களையும் தேடி, எத்தனை இடத்தில் இருக்கின்றன என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வாருங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் "இது ஏன் இங்கே இருக்கிறது?" என்று ஒரு வரியில் காரணம் எழுத முடிந்தால் இருக்கட்டும், முடியாவிட்டால் அந்த வாரத்து வேலை அதுதான். டைப்ஸ்கிரிப்ட் அமைப்புக் கோப்பில் ஸ்ட்ரிக்ட் என்ற விசையை இதுவரை திறக்கவில்லையென்றால், இன்றே திறந்துவிடுங்கள். கோடுகள் பெருகும், பெருகட்டும்.

எடைமேடையில் இருப்பவர் என்பதால் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. கிலோவும் எண், டன்னும் எண். கிலோ, டன் என்று இரண்டு தனிப் பெயர்களை டைப்பாக வைத்தாலும், அடியில் இரண்டும் எண்ணாகவே இருப்பதால் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் மற்றதை வைத்தால் கம்பைலர் கண்டுகொள்ளாது. 18 டன் பாரம் 18 கிலோவாகப் பதிந்தாலும் கோடு வராது. அவற்றைப் பிரித்துக் காட்ட உத்திகள் உண்டு. அவற்றைப் பிறகு கற்கலாம். இப்போதைக்கு எல்லா எடையையும் கிலோவில் மட்டும் வைத்து, புலத்தின் பெயரிலேயே கிலோ என்ற சொல்லைச் சேர்த்துவிடுங்கள். மொத்த எடையிலிருந்து வெற்று லாரியின் எடையைக் கழித்தால் நிகர எடை வருகிறதா, அது பூஜ்யத்துக்கு மேல் இருக்கிறதா என்று ஒரு சோதனையும் எழுதுங்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்களும் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் ஒருவரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், பொதுவெளியில் திருத்தப்பட்ட ஜாவாஸ்கிரிப்ட் பிழைகளை எடுத்து, டைப் போட்டிருந்தால் எத்தனை முன்பே பிடிபட்டிருக்கும் என்று பார்த்தார்கள்; 15 விழுக்காடு என்று வந்தது. இத்தனை சிவப்புக் கோடுகளுக்கு இது சிறிய தொகையாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவை சோதனை, சரிபார்ப்பு எல்லாவற்றையும் தாண்டி வெளியே போய்விட்ட பிழைகள். அவற்றில் நூற்றுக்குப் பதினைந்தைத் தட்டச்சு செய்யும்போதே தடுத்துவிட முடியும் என்றால் அந்த உழைப்புக்கு நான் தயார். மீதிக்குத்தான் மற்ற மூன்று பத்திகள்.

அம்மாவுக்கு என்ன காட்டுவது என்ற வருத்தத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. ஒரு நாள் அவரை மடிக்கணினி முன்னால் உட்காரவைத்து, ஒரு எடைச்சீட்டை அவர் கையாலேயே பதியச் சொல்லுங்கள். பிறகு கணினியை அணைத்துவிட்டு, மீண்டும் திறந்து, அந்தச் சீட்டு அப்படியே இருப்பதைக் காட்டுங்கள். அடுத்து, எடை என்ற இடத்தில் அவருக்குப் பிடித்த எதையாவது எழுதச் சொல்லுங்கள், பேரப்பிள்ளையின் பெயரைக்கூட எழுதட்டும். "எடை எண்ணாக இருக்க வேண்டும்" என்று உங்கள் செயலி தமிழில் பதில் சொல்லட்டும். எது நிலைத்து நிற்க வேண்டுமோ அதை நிலைநிறுத்தி, எது உள்ளே வரக் கூடாதோ அதைத் தடுக்கும் வேலையைத்தான் இரவெல்லாம் செய்கிறீர்கள் என்பது அவருக்குப் புரியும்.

கேள்வி: ஐயா, வணக்கம். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்காக மாணவர் பதிவேட்டை எழுதிக்கொண்டிருக்கிறேன். தந்தை பெயர், அடையாள எண், தொலைபேசி என்று எதைத் தொட்டாலும், "இது இல்லாமல் இருக்கலாம்" என்று கம்பைலர் சொல்லிக்கொண்டே இருக்கிறது. பெயருக்குப் பின்னால் ஓர் ஆச்சரியக்குறி போட்டால் கோடு மறைந்துவிடும் என்று வகுப்பில் ஒருவர் சொன்னார். அப்படியே செய்துவருகிறேன், வேலை வேகமாக நகர்கிறது. ஆனால் கற்கிறேனா, தப்பித்துக்கொள்கிறேனா என்ற உறுத்தல் இருக்கிறது.

பதில்: அம்மா, உங்கள் உறுத்தல் சரியானது. அந்த ஆச்சரியக்குறிக்குப் பொருள், "இங்கே மதிப்பு நிச்சயமாக இருக்கும், நான் பொறுப்பு" என்பது. கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதைப் போன்றது அது. இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை, பார்த்ததாகப் பதிவு மட்டும் ஆகிறது.

ஒன்றுமில்லை என்பதைக் குறிக்கும் நல் என்ற மதிப்பை 1965-இல் அல்கால் டபிள்யூ மொழியில் சேர்த்தவர் டோனி ஹோர் என்ற பிரிட்டிஷ் கணினி அறிஞர். செய்வது எளிதாக இருந்தது என்பதற்காகச் சேர்த்த அதைத் தம்முடைய நூறு கோடி டாலர் தவறு என்று 2009-இல் அவரே ஓர் உரையில் ஒப்புக்கொண்டார். டைப்ஸ்கிரிப்டிலும் இல்லாத மதிப்பைத் தனியாகக் கண்காணிக்கும் வசதி 2016-இல் வந்த 2.0 பதிப்பில்தான் கிடைத்தது. அந்த வசதிதான் இப்போது உங்களிடம் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறது. எரிச்சலாக இருக்கும், ஆனால் அது கேட்கும் கேள்வியைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

தந்தை பெயர் இல்லாமல் இருக்கலாமா? இதற்கு விடை கணினியில் இல்லை, உங்கள் பள்ளி அலுவலகத்தில் இருக்கிறது. தாய் மட்டும் வளர்க்கும் பிள்ளை உண்டு; பாட்டியின் பொறுப்பில் இருக்கும் பிள்ளை உண்டு. அடையாள ஆவணம் இன்னும் கைக்கு வராமல், பிறப்புப் பதிவுக்காக அலைந்துகொண்டிருக்கும் குடும்பங்கள் நம் தோட்டப்புறங்களில் இருப்பது உங்களுக்குத் தெரியாததன்று. அடையாள எண் கட்டாயம் என்று நீங்கள் டைப்பில் எழுதிவிட்டால், அந்தப் பிள்ளையைப் பதிய வரும் தாய் படிவத்தின் முன் நின்றுவிடுவார். அல்லது யாரோ ஒருவர் பன்னிரண்டு பூஜ்யங்களை அடித்து அனுப்பிவைப்பார். இரண்டுமே கூடாது. பெயரும் அப்படித்தான்: நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது, மகனுக்கு "ஏ/எல்", மகளுக்கு "ஏ/பி" என்று நடுவில் போட்டுத் தந்தை பெயர் வருகிறது. பாடப் புத்தகத்தைப் பார்த்து முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு கட்டாயப் புலங்களை வைத்திருந்தால், அவற்றை எடுத்துவிட்டு, ஆவணத்தில் உள்ளபடி முழுப்பெயர் என்று ஒரே புலமாக வையுங்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். உங்கள் நிரலில் உள்ள ஆச்சரியக்குறிகளை ஒவ்வொன்றாக எடுத்து, "இல்லாவிட்டால் என்ன செய்வது?" என்பதற்கு விடை எழுதுங்கள். அடையாள எண்ணைப் பொறுத்தவரை, அதை வெறும் காலியிடமாக விடாமல், "எண் இருக்கிறது, இதோ" அல்லது "இன்னும் கிடைக்கவில்லை, விண்ணப்பித்த தேதி இது" என்று இரண்டு வடிவங்களில் ஒன்றாக டைப்பை எழுதலாம். இரண்டில் எது என்று பார்க்காமல் எண்ணைத் தொட விடாது கம்பைலர். பதிவேட்டைப் பார்க்கும் தலைமையாசிரியருக்கும் எந்தப் பிள்ளைக்கு உதவி தேவை என்பது அந்த வடிவத்திலிருந்தே தெரிந்துவிடும். வேலை மெதுவாகத்தான் நகரும். அலுவலகத்தில் போய்க் கேட்டுவர வேண்டிய கேள்விகளாக இந்த வாரம் எத்தனை சிவப்புக் கோடுகள் மாறின என்று எண்ணிப் பாருங்கள். நீங்கள் தேடும் அளவுகோல் அதுதான்.

கேள்வி: ஆசிரியருக்கு வணக்கம். நான் ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி, வயது 66. தொழிலாளர் வருகையையும் சம்பளத்தையும் பதியும் செக்ரோலை முப்பது ஆண்டு எழுதியவன். என் மகன் குத்தகைக்கு ஆள் வைத்துக் குலை வெட்டுகிறான். அவனுடைய ஆட்களின் வருகையைப் பதிய ஒரு நிரலை எழுதியிருக்கிறேன். பெயர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுக்கும் காலை ஆறு மணிப் பெரட்டில் பதிந்தவர்கள் எல்லாரும் முதல் நாள் கணக்கில் போய் விழுகிறார்கள். ஒன்பது மணிக்குத் தாமதமாக வந்தவர்கள் மட்டும் சரியான நாளில் இருக்கிறார்கள். டைப் எல்லாம் சரி, ஒரு கோடும் இல்லை. வயதானவன் கையில் இது வராது என்று பேரன் சொல்கிறான். பிழை எங்கே?

பதில்: ஐயா, ஆறு மணிக்காரர் முந்திய நாளிலும் ஒன்பது மணிக்காரர் சரியான நாளிலும் விழுகிறார்கள் என்று இரண்டையும் ஒப்பிட்டு எழுதியிருக்கிறீர்களே, பாதி விடையை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். முப்பது ஆண்டுகள் வரவையும் எடையையும் ஒத்துப்பார்த்த பழக்கம் இது. பேரனிடம் இந்தப் பத்தியைப் படிக்கக் கொடுங்கள்.

கணினி நேரத்தை உலகப் பொது நேரத்தில், யூடிசியில் வைத்துக்கொள்கிறது. மலேசிய நேரம் அதைவிட 8 மணி நேரம் முந்தியது. ஆகவே இங்கே காலை 6 மணி என்பது அங்கே முந்திய நாள் இரவு 10 மணி. 9 மணி என்பது அங்கே அதே நாள் பின்னிரவு 1 மணி. காலை எட்டு மணிக்கு முன் பதிந்தவர்கள் எல்லாரும் முந்திய நாளில் விழுந்திருப்பார்கள், பின்னால் வந்தவர்கள் தப்பியிருப்பார்கள். நேரத்தை, ஆண்டு, மாதம், நாள், மணி என்ற வரிசையில் அமையும் ஐஎஸ்ஓ வடிவ எழுத்தாக மாற்றி, அதன் முதல் பத்து எழுத்துகளை வெட்டித் தேதியாக எடுத்திருந்தால் இப்படித்தான் ஆகும். ஜாவாஸ்கிரிப்ட் தரும் அந்த வடிவம் எப்போதும் யூடிசியில்தான் இருக்கும். கம்பைலரைப் பொறுத்தவரை சரியான தேதியும் எழுத்துச்சரம், தவறான தேதியும் எழுத்துச்சரம். அது எப்படிக் கோடு போடும்? நேரத்தைத் தேதியாக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஆசியா/கோலாலம்பூர் என்ற நேர மண்டலத்தைப் பெயரிட்டுக் கொடுக்க வேண்டும். எட்டைக் கூட்டிவிட்டால் போதுமே என்று தோன்றும், கூட்ட வேண்டாம். 1982 ஜனவரி 1 அன்று தீபகற்பத்தின் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னால் தள்ளிவைத்தது உங்களுக்கு நினைவிருக்கும்; அதற்கு முந்திய நேரங்களுக்கு வேறுபாடு ஏழரை மணிதான். பழைய பதிவுகளை என்றாவது ஏற்றினால் அந்த எட்டு தவறிவிடும். பெயரிட்ட மண்டலத்துக்கு இந்த வரலாறு தெரியும்.

ஆனால் உங்களுக்கு நான் சொல்ல விரும்பும் திருத்தம் இதைவிட எளியது. செக்ரோலில் தேதியை எப்படி எழுதினீர்கள்? பெரட்டுக்குப் போகும்போதே, பக்கத்தின் தலைப்பில், "இது இன்றைய வேலை நாள்" என்று எழுதிவிட்டுத்தான் பெயர் கூப்பிட்டிருப்பீர்கள். ஆள் எத்தனை மணிக்கு வந்தான் என்று பார்த்து, அதிலிருந்து தேதியைக் கணக்குப் போடவில்லை. வேலை நாள் ஒன்று, வந்த நேரம் வேறொன்று. நிரலிலும் அவற்றை இரண்டு தனிப் புலங்களாக வையுங்கள்: வந்த நேரத்துக்கு நேர மண்டலத்தோடு கூடிய நேர முத்திரை வகை, வேலை நாளுக்குத் தரவுத்தளத்தில் டேட் என்ற வெறும் தேதி வகை. அந்தத் தேதியைப் படிக்கும்போது மட்டும் ஒரு கவனம் தேவை. பிஜி நூலகம் அதைத் திரும்பவும் நள்ளிரவு நேரத்தோடு கூடிய தேதிப் பொருளாக மாற்றிக் கொடுக்கும், பழைய பிழை பின்வாசல் வழியாக நுழையப் பார்க்கும். ஆகவே தரவுத்தளத்திடம் கேட்கும் வினவலிலேயே அதை ஆண்டு, மாதம், நாள் என்ற எழுத்துச்சரமாக மாற்றி வாங்குங்கள்.

பிறகு ஒரு சோதனை எழுதுங்கள். காலை 5.59-க்கு ஒருவர், 7.59-க்கு ஒருவர், 8.01-க்கு ஒருவர், இரவு 11.59-க்கு ஒருவர் என்று நான்கு பேரைப் பதிந்து, நால்வரும் ஒரே வேலை நாளில் நிற்கிறார்களா என்று பாருங்கள். நின்றுவிட்டால், ஏற்கெனவே தவறிய நாளில் விழுந்திருக்கும் பதிவுகளைத் திருத்தும் வேலை மீதி இருக்கும். அதைச் செய்வதற்கு முன்னால் தரவுத்தளத்தின் நகல் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஐயா. ஆட்களின் சம்பளம் அதில் இருக்கிறது.